ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது பழுதுபார்ப்பு அல்ல

வீட்டு இணையம் அடிக்கடி அறுந்தால் இரண்டே வழிதான் என்று ஊர் நம்புகிறது. ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டும். அப்படியும் சரிவராவிட்டால் கூடுதல் எம்பிபிஎஸ் உள்ள பிளானுக்கு மாற வேண்டும். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் விசாரித்தாலும் இதுதான் பதில். அறந்தாங்கியில் கேபிள்காரரைக் கேட்டாலும் இதுதான். கஸ்டமர் கேரில் கிடைக்கிற குரலும் இதையேதான் சொல்கிறது. ஒரே வீட்டில் ஒரே கோளாறு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த நம்பிக்கையே முக்கியக் காரணம் என்கிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சுவிட்சை அணைத்துப் போடுவதற்குச் செலவில்லை. மகன் சிங்கப்பூரில் இருக்க, பொன்னமராவதியில் தனியாக இருக்கும் அம்மாகூட போனில் கேட்டுக்கொண்டே அதைச் செய்துவிடலாம். பல நேரம் நெட் உண்மையிலேயே திரும்ப வந்துவிடுகிறது. மறுமுனையில் பேசுபவருக்கு உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் நடப்பது தெரியாது. அவரால் சொல்ல முடிந்தது அதுதான். பிளானை மாற்றச் சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே ஒரு போன் இருந்த வீட்டில் இன்று நாலு போன், ஒரு டிவி, வாசலில் ஒரு கேமரா. குழாய் போதவில்லை என்று தோன்றுவது இயல்பு. கம்பியைச் சந்தேகிப்பதும் இயல்பே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயலுக்குப் பிறகு ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைக் கண்டவர்கள், நெட் போனால் முதலில் தெருவைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். பெட்டியில் லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் போய்விட்டது, லைன்மேன் வரவேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

என் மறுப்பு வேறு வகைக் கோளாறைப் பற்றியது. விளக்கெல்லாம் பச்சை. வைஃபை முழுக்கோடு. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 90 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் வீடியோ அழைப்பு பாதியில் அறுகிறது, ஆபீஸ் விபிஎன் கழன்றுபோகிறது, புதிதாகத் திறக்கும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. இந்தக் கோளாறின் இருப்பிடம் பல நேரம் கம்பியும் இல்லை, வேகமும் இல்லை. நேட் என்று டெக்னீஷியன்கள் சொல்லும் முகவரி மாற்றத்தில் இருக்கிறது.

அது நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் உள்முகவரி தருகிறது, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இந்த முகவரிக்கு வெளியுலகில் செல்லுபடி கிடையாது. ஆகவே ஒரு போன் வெளியே எதையாவது கேட்கும்போது, ரூட்டர் அந்த உள்முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளிமுகவரியைப் போடுகிறது. கூடவே ஒரு போர்ட் எண்ணை ஒதுக்கி, ‘இந்த எண்ணுக்கு வரும் பதில் அந்தப் போனுக்கு’ என்று தன் நினைவகத்தில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. அந்த வரி இருக்கும்வரை இணைப்பு உயிரோடு இருக்கும். வரி அழிந்தால், வந்த பதில் யாருக்கு என்று ரூட்டருக்குத் தெரியாது. சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். 1994 மே மாதம் வெளியான இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 1631 இந்த ஏற்பாட்டைக் குறுகிய காலத் தீர்வாகத்தான் முன்வைத்தது. சுமார் 429 கோடி ஐபிவி4 முகவரிகளும் தீர்ந்துபோகும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொது இருப்பில் மிச்சமிருந்த கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. தற்காலிகம் என்று வந்தது இன்று ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் இணையத்தையும் தாங்கி நிற்கிறது.

இனி மறுப்புகள்.

1. “ஆஃப் பண்ணினால் சரியாகிறதே!” சரியாகிறது. எது சரியானது என்று சொல்ல முடியுமா? அணைத்துப் போடும் அந்த ஒரு நிமிடத்தில், ரூட்டர் எழுதிவைத்த வரிகளின் முகவரிப் பட்டியல் முழுதும் காலியாகிறது. நிறுவனத்தோடு இருந்த பிபிபிஓஇ தொடர்பு அறுந்து புதிதாகப் பிறக்கிறது. வெளிமுகவரி மாறக்கூடும். வைஃபை வேறு சேனலுக்குத் தாவக்கூடும். பெட்டியின் மென்பொருள் விட்டுவைத்திருந்த நினைவகக் குப்பையும் கூட்டப்படுகிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் நடந்தால் எது நோய், எது மருந்து என்று பிரித்தறிய வழியே இல்லை. அதைவிடக் கொடுமை, பெட்டியின் பதிவேடும் பெரும்பாலும் அதே தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. சுவிட்சைத் தட்டியதும் பட்டியலும் போகிறது, பதிவேடும் போகிறது. கோளாறு நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சியை நம் கையாலேயே அழித்துவிட்டு, சரியாகிவிட்டது என்கிறோம். காரணம் அப்படியே இருக்கிறது. பட்டியல் மறுபடி நிரம்ப எடுத்துக்கொள்ளும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

2. நேர் எதிரான இரண்டு நோய்களுக்கு ஒரே மருந்தைக் கொடுக்கிறார்கள். இதுதான் என் வாதத்தின் மையம். முகவரிப் பட்டியல் இரண்டு விதமாகக் கெடலாம். ஒன்று, பழைய வரிகளை வெகுகாலம் வைத்திருந்து நிரம்பி வழிவது. இன்னொன்று, தேவையான வரியையும் சீக்கிரமே அழித்துவிடுவது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். பல வீட்டு ரூட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ். பேச்சு நின்றுபோன, டிசிபி என்ற முறையில் அமைந்த ஓர் இணைப்பின் வரியை லினக்ஸ் தன் வழக்கமான அமைப்பில் 4,32,000 விநாடி, அதாவது ஐந்து நாள் வைத்திருக்கும். இணைப்பை இரு முனையும் முறையாக முடித்துக்கொண்டால் வரி விரைவில் அழியும். ஆனால் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடும் மனிதர், இணைப்புகளை முடித்துவைத்துவிட்டா போகிறார்? வீட்டை விட்டுப் போன போனின் வரிகள் அப்படியே கிடக்கும். விலை குறைந்த பெட்டிகளின் பட்டியலில் சில ஆயிரம் வரிகளுக்குத்தான் இடம். அது நிரம்பியதும் ரூட்டர் புதிய இணைப்பு எதையும் ஏற்காது. ஏற்கெனவே ஓடுகிற பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், புதிய பக்கம் திறக்காது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ரூட்டர் மென்பொருளை எழுதியவர்கள் இதைக் கண்டுதான் ஐந்து நாளை 7,440 விநாடியாகக் குறைத்தார்கள்.

அந்த 7,440 எங்கிருந்து வந்தது? இரண்டு மணி நான்கு நிமிடம். பேச்சில்லாமல் கிடக்கும் டிசிபி இணைப்பில் ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் துடிப்புக்கு, 1989இல் வந்த ஆர்எஃப்சி 1122 வைத்த வழக்கமான இடைவெளி குறைந்தது இரண்டு மணி நேரம். அந்தத் துடிப்பு வருமுன் முகவரி மாற்றும் பெட்டி வரியை அழித்துவிடக் கூடாது. அதனால்தான் 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5382, இரண்டு மணி நான்கு நிமிடத்துக்குக் குறைவாக வைக்காதே என்று விதித்தது. யுடிபி என்ற இன்னொரு இணைப்பு முறைக்கு 2007இல் வந்த ஆர்எஃப்சி 4787 சொல்வது குறைந்தது இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம் நல்லது. இந்த விதிகளை மதிக்காத பெட்டிகள் சந்தையில் ஏராளம். லினக்ஸே ஒருவழி யுடிபி வரியை 30 விநாடியில் அழித்துவிடுகிறது.

இரண்டாவது நோய் இங்கிருந்துதான் பிறக்கிறது. டீ குடிக்க எழுந்துபோய்த் திரும்பினால் ஆபீஸ் கணினியின் திரை உறைந்து கிடக்கும். போனைக் கையில் எடுத்தால்தான் வாட்ஸ்அப் செய்திகள் கொட்டும். (பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பாலும் இது நடக்கும், அதை முதலில் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும்.) வரியை அழித்த ரூட்டர் பெரும்பாலும் இரு முனைக்கும் தகவல் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் இணைப்பு இருக்கிறது என்று நம்பிக் காத்திருக்கும்.

முதல் நோய்க்கு மருந்து, காலக்கெடுவைக் குறைப்பது அல்லது பட்டியலைப் பெரிதாக்குவது. இரண்டாவதற்கு மருந்து, காலக்கெடுவை நீட்டுவது அல்லது இணைப்பில் அடிக்கடி துடிப்பு அனுப்புவது. வயர்கார்டு விபிஎன்காரர்கள் 25 விநாடிக்கு ஒரு துடிப்பு போதும் என்று பரிந்துரைப்பது இதற்காகவே. ஒன்றின் மருந்து மற்றதை மோசமாக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் வழக்கமோ இரண்டையும் ஒரே கோளாறாகக் காட்டி மறைத்துவிடுகிறது.

3. வேகத்தைக் கூட்டினால் பட்டியல் பெரிதாகாது. 100 எம்பிபிஎஸில் ஒரு சினிமாவை இறக்கினாலும் அது பட்டியலில் ஒரே வரியாக இருக்கலாம். டாரன்ட் ஓடும் ஒரு மடிக்கணினி மிகக் குறைந்த வேகத்திலேயே நூற்றுக்கணக்கான வரிகளைப் பிடித்துக்கொள்ளும். எம்பிபிஎஸ் அளப்பது ஒரு விநாடியில் எவ்வளவு போகிறது என்பதை. பட்டியல் அளப்பது ஒரே நேரத்தில் எத்தனை பேச்சுகள் நடக்கின்றன என்பதை. 40இலிருந்து 200க்கு மாறினால் மாதக் கட்டணம் ஏறும். பெட்டி அதே பெட்டி, நினைவகம் அதே நினைவகம். புதிய பிளானோடு புதிய பெட்டியும் வந்து கோளாறு தீர்ந்ததென்றால், தீர்த்தது பெட்டிதான்.

4. உங்கள் வீட்டில் இல்லாத பட்டியலை உங்கள் சுவிட்ச் என்ன செய்யும்? முகவரி மாற்றம் வீட்டோடு முடிகிறது என்பது பழைய நினைப்பு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி வெளிமுகவரி தர இருப்பில்லாததால், நிறுவனங்கள் தங்கள் பக்கத்தில் இன்னொரு முகவரி மாற்றத்தை வைத்திருக்கின்றன. சிஜிநேட் என்பது அதன் பெயர். இதற்கென்றே 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 ஒரு தனி முகவரித் தொகுதியை ஒதுக்கியது: 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை.

பார்ப்பது எளிது. உலாவியில் 192.168.1.1 அல்லது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைத் திறந்து, வேன் (WAN) என்ற தலைப்பின் கீழ் உள்ள ஐபியைப் படியுங்கள். 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் நிறுவனத்தின் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்று தொடங்கினால், நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரூட்டர் இன்னொரு முகவரி மாற்றம் செய்கிறது என்று பொருள். இந்த இரட்டை வேலையை நீங்களே நிறுத்தலாம்: ஒன்றை பிரிட்ஜ் முறைக்கோ, வெறும் ஆக்சஸ் பாயின்டாகவோ மாற்றினால் போதும். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்றே இருந்தால் முதல் வேலையாக அதைச் செய்ய வேண்டும்.

சிஜிநேட்டின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள். முதல் 1,024ஐ ஒதுக்கிவிட்டால் மீதம் 64,512. ஒரு வெளிமுகவரியை 64 வீடுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் வீட்டுக்கு 1,008. கனமான ஒரு செய்திப் பக்கம் திறந்தாலே பத்திருபது இணைப்புகள் கிளம்புகின்றன. விடுமுறை நாள் மாலையில் உறவினர் பத்துப் பேர் வந்து வைஃபை கடவுச்சொல் வாங்கிக்கொண்டால் அந்தப் பங்கு எவ்வளவு நேரம் தாங்கும்? அங்கே காலக்கெடுவை வைப்பதும் நிறுவனம்தான். அதைக் குறைத்தால் குறைந்த முகவரியில் நிறையப் பேரை அடைக்கலாம்; அறுபடும் இணைப்பு வாடிக்கையாளர் தலையில். இந்த நிலையில் வீட்டுப் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வது, நிறுவனத்தின் பொறுப்பை அந்தப் பொன்னமராவதி அம்மாவின் கையில் திணிப்பது.

வீட்டு வாசல் கேமராவை வெளிநாட்டிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டு செய்துகொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். சிஜிநேட்டுக்குப் பின்னால் அது வேலை செய்யாது. நிலையான பொது முகவரி வாங்க வேண்டும், அல்லது கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாகப் பார்க்க வேண்டும்.

5. கோளாறு தன் முகத்தைக் காட்டுகிறது, பார்க்க ஆளில்லை. அறுந்த அந்த நேரத்தில், எதையும் தொடாமல், சில நிமிடம் செலவழித்தால் போதும். 192.168.1.1 பக்கமே திறக்கவில்லையா? கோளாறு வைஃபையில் அல்லது பெட்டியிலேயே. அந்தப் பக்கம் திறந்து, வேன் முகவரி காலியாக இருக்கிறதா? நிறுவனத்தோடு உள்ள தொடர்பு போயிருக்கிறது. முகவரி இருக்கிறது, ஓடுகிற அழைப்பும் ஓடுகிறது, புதிய பக்கம் மட்டும் திறக்கவில்லையா? கணினியில் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் புதிதாக ஒரு பிங் போடுங்கள். பதில் வந்தால் பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் கெட்டிருக்கிறது. டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் தீரும். பதிலும் வரவில்லை என்றால் பெரும்பாலும் பட்டியல் நிரம்பியிருக்கிறது, வீட்டிலோ நிறுவனத்திலோ. புதியவை எல்லாம் திறக்கின்றன, சும்மா கிடந்த பழைய இணைப்பு மட்டும் செத்துப்போகிறதா? காலக்கெடு. எத்தனை நிமிடம் சும்மா இருந்தபின் சாகிறது என்று கடிகாரம் பார்த்து இரண்டு மூன்று முறை குறித்தால் எண் கிடைத்துவிடும்.

வீட்டிலிருந்து கால் சென்டர் வேலை பார்க்கும் பிள்ளைகளின் அழைப்பு, எடுத்த 32 விநாடியில் தவறாமல் அறுகிறதென்றால் அதுவும் ஒரு கையெழுத்துதான். எஸ்ஐபி என்ற இணைய அழைப்பு முறையில், அழைப்பை ஏற்ற செய்திக்கு ஒப்புதல் திரும்பி வராவிட்டால் 32 விநாடியில் அழைப்பு முடித்துவைக்கப்படும். முகவரி மாற்றத்தில் சிக்கி அந்த ஒப்புதல் தொலைந்திருக்கிறது. ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஓர் அமைப்பு இருக்கும்; உதவுவதாக நினைத்து முகவரிகளைக் குழப்புவது பல நேரம் அதுதான். அதை அணைத்தால் போதும், ரூட்டரை அல்ல. வளைகுடாவில் ஆள் உள்ள கோட்டைப்பட்டினம் பக்கத்து வீடுகளுக்கு ஒன்று: துபாயில் இருப்பவரோடு வாட்ஸ்அப் அழைப்பு பிடிக்கவில்லை என்பதற்காக இங்கே பெட்டியை மாற்றாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் இணைய அழைப்புகளை அனுமதி பெற்ற செயலிகளோடு நிறுத்தியிருக்கிறது.

6. “ஐபிவி6ஐ ஆஃப் பண்ணி வச்சிருக்கேன், இனி பிரச்சினை இருக்காது.” ஐபிவி6 என்பது ஐபிவி4க்குப் பின் வந்த, முகவரிப் பஞ்சமில்லாத முறை; அதற்கு நேட் தேவைப்படாது. வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால், அவரைத் திரும்ப அழைத்து ஆன் பண்ணச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அரைகுறை ஐபிவி6 உள்ள பெட்டிகளால் பக்கங்கள் தாமதமானது உண்மை. அப்போது கற்ற பழக்கம் இது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோதே அதன் 4ஜி போன்கள் ஐபிவி6இல் பேசின. இன்று கூகுளின் அளவீட்டில் இந்தியப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6 வழியாக வருகிறார்கள். 2022 டிசம்பர் 31க்குப் பிறகு தரப்படும் புதிய வீட்டுக் கம்பி இணைப்புகள் ஐபிவி6ஐத் தாங்க வேண்டும் என்பது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ஆணை. யூடியூப், கூகுள், ஃபேஸ்புக் எல்லாம் அந்த வழியில் போய்விட்டால் சிஜிநேட்டில் உங்கள் பங்கான போர்ட்டுகள் மற்றவற்றுக்கு மிஞ்சும். அணைத்தால் எல்லாம் அந்தச் சிறு பங்கிலேயே வந்து நெரியும். வீட்டு ரூட்டரின் தீச்சுவர் ஐபிவி6 இணைப்புகளையும் கணக்கு வைக்கத்தான் செய்யும். ஆகவே வீட்டுப் பட்டியல் நிரம்பும் நோய் இதனால் தீராது. நிறுவனத்துப் பட்டியலின் நெருக்கடி குறையும்.

“நேட் இருப்பதால்தான் வீட்டுக்குப் பாதுகாப்பு” என்பதும் இதோடு சேர்ந்து வரும் தவறு. கேளாமல் வருவதை வாசலில் நிறுத்துவது தீச்சுவரின் வேலை. அது ஐபிவி6இலும் அதே வேலையைச் செய்யும். அது ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தவறான நம்பிக்கையின் விலையை யார் கொடுக்கிறார்கள்? திருச்சிக்கும் சென்னைக்கும் போகாமல் விராலிமலையிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று வந்த பெண், மீட்டிங்கில் மூன்று முறை காணாமல் போனால் அவருடைய திறமை மேல் சந்தேகம் விழுகிறது. கடைசி நாளில் விண்ணப்பம் நிரப்பும் பையனின் பக்கம் உறைந்தால் ஒரு வருடம் போகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊராட்சிகள் உட்படத் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவதற்குத்தான் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் நடத்துகிறது. ஃபைபர் வந்துசேர்ந்த பிறகும், முனையில் இருக்கிற பெட்டியின் காலக்கெடுவையும் பட்டியல் அளவையும் கேட்கத் தெரியாதவர்களாகவே நம்மை வைத்திருந்தால், கிராமத்துக்கு நெட் சரிப்படாது என்ற அவப்பெயர் ஊருக்கு வரும். சுவிட்ச் தட்டியதும் புகாரை ‘தீர்ந்தது’ என்று மூடிவிடலாம் என்பதால் நிறுவனத்துக்கும் பட்டியலைத் திறந்து பார்க்கும் அவசரம் வராது. டெக்னீஷியனுக்கும் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

அடுத்த முறை கஸ்டமர் கேரைக் கூப்பிடும்போது மூன்று தகவலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வேன் முகவரி எதில் தொடங்குகிறது, பழைய இணைப்பு அறுந்ததா புதியது திறக்கவில்லையா, எத்தனை நிமிடம் சும்மா இருந்தபின் அறுந்தது. மூன்றையும் புகாரில் பதியச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் அந்த எண்ணை வைத்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைகளின்படி நிறுவனமே அமைத்திருக்க வேண்டிய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். “ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்” என்று கஸ்டமர் கேர்காரர் சொன்னால், இந்த மூன்றையும் குறித்து முடித்த பிறகு பண்ணுங்கள்.